பல் மாற்றிய பிறகு மோட்டார் படுத்துகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் ஒரு கப்சாய்க்கு (சின்ன மோட்டார் சைக்கிளுக்கு) இரண்டு வேலை. காலையில் எண்ணெய்ப்பனைக்கு நடுவே செம்மண் பாதை, பின்னால் மூட்டையோ ஆளோ இருக்கும். ஷிப்ட் நேரம் வந்தால் ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்து ஈப்போ. தொழிற்சாலையிலிருந்து வரும்போது மோட்டாரின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) இருக்கும் பல் எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு சமரசம். ஈப்போ ஓட்டம் அதிகமுள்ளவர்களுக்கு டாப் கியரில் எஞ்சின் கத்திக்கொண்டே வருவது பிடிப்பதில்லை. பெங்கெலில் (பட்டறையில்) சொல்லி முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுகிறார்கள், இல்லையென்றால் பின்னால் சில பல் குறைக்கிறார்கள். நோக்கம் நியாயமானதுதான்: குறைந்த சுற்றில் அதே வேகம். ஆனால் மாற்றிய மறுநாளே புகாரோடு திரும்புகிறவர்கள் நிறைய.

அந்தப் புகார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு உண்மை இருக்கிறது: ஸ்ப்ராக்கெட் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. எஞ்சினிடம் இருக்கும் சக்தி எந்த வேகத்தில் வந்து சேரும் என்பதை மட்டும் இடம் மாற்றுகிறது.

முதலில் எண்ணிக் கொள்ளுங்கள்

பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் வருவது இறுதி விகிதம். யமஹா ஒய்15ஸெட்ஆர் 14/42 என்று வரும். வகுத்தால் 3.00. முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று என்று பொருள். முன்னால் 15 போட்டால் விகிதம் 2.80 ஆகிறது, அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று 6.7 விழுக்காடு குறைகிறது. முன்பு ஒரு வேகத்தில் 7,000 காட்டிய சுற்று மீட்டர் ஊசி இனி 6,530 பக்கம் நிற்கும். முன்னால் 14-ஐ அப்படியே விட்டுப் பின்னால் 40 ஆக்கினால் 2.86, அதாவது 4.8 விழுக்காடு குறைவு. 41 ஆக்கினால் 2.4 விழுக்காடுதான். ஆக, முன்னால் கூட்டும் ஒரு பல் பின்னால் குறைக்கும் மூன்று பல்லுக்குக் கிட்டத்தட்ட சமம்.

இந்தக் கணக்கைத் தெரியாமல் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கைவைப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். 15/39 என்றால் 2.60, ஒரே அடியாகப் பதின்மூன்று விழுக்காட்டுக்கும் மேல். "ஒரு பல்லுதானே கூட்டினேன், மூணு பல்லுதானே குறைச்சேன்" என்று சொல்வது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கும். எஞ்சினுக்கு அது சின்னதல்ல.

உங்களுடையது வேறு மோட்டாராக இருந்தால் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், மூடியைக் கழற்றி எண்ணுங்கள். பெரும்பாலான ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கையைப் பொறித்தே விற்கிறார்கள். இரண்டாம் கை ஹோண்டா இஎக்ஸ்5 வாங்கியவர்கள் கட்டாயம் எண்ண வேண்டும். முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே மாற்றியிருந்தால், நீங்கள் "ஒரிஜினலுக்கு மேல் ஒன்று" என்று நினைத்துப் போடுவது உண்மையில் இரண்டாவது பல்லாக இருக்கும்.

டயரையும் பாருங்கள். 70/90-17 இருந்த இடத்தில் 80/90-17 போட்டால் சக்கரத்தின் விட்டம் 558 மில்லிமீட்டரிலிருந்து 576 ஆகிறது. மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் கியர் நீண்டுவிட்டது என்று அர்த்தம், ஒரு பல்லையும் தொடாமலே. பெரிய டயரோடு முன்னால் ஒரு பல்லும் கூட்டினால் மொத்தம் பத்து விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

மாற்றுவதற்கு முன் டாப் கியரில் 60-இலும் 80-இலும் ஊசி எங்கே நிற்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு வரும் சோதனைகளில் பாதி இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான். சுற்று காட்டும் மீட்டர் இல்லாத மோட்டாரில், கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும், அந்த வேகத்தில் கைப்பிடி (முறுக்கி வேகம் கூட்டும் பிடி) எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் குறித்துக் கொண்டால் போதும்.

"டாப் கியர் போட்டா முன்னைவிட மெதுவா போகுதுண்ணே"

இதுதான் அதிகம் வரும் புகார். கேட்பவருக்கு ஆச்சரியமாக இருக்கும்: பெரிய பல் போட்டால் வேகம் கூட வேண்டும்தானே? கூடும், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 100-இல் ஓடும் மோட்டாரை 110-க்குக் கொண்டுபோக வேகம் பத்து விழுக்காடு கூடினால் போதும். காற்றுக்கு மட்டும் வேண்டிய சக்தியோ மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். 97 சிசி இஎக்ஸ்5 போன்ற சின்ன எஞ்சினிடம் டாப் கியரில் அப்படி ஒதுக்கி வைத்த சக்தி பெரும்பாலும் இருக்காது. அதன் முழுச் சக்தியும் ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் வருகிறது. நீங்கள் பல் கூட்டிச் சுற்றைக் குறைக்கும்போது அந்த இடத்துக்கே எஞ்சின் எட்டுவதில்லை. அதனால் டாப் கியர் படுத்துக் கொள்கிறது, மூன்றாவது கியர் இழுக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பழைய பல்லில் டாப் கியரில் எஞ்சின் சுற்று எல்லையைத் தொட்டு, அதற்கு மேல் ஏறாமல் விட்டுவிட்டு வெட்டியதா, அல்லது அதற்கு முன்பே மூச்சு வாங்கி நின்றதா? வெட்டியது என்றால் மிச்சச் சக்தி இருந்தது, பல் கூட்டியதில் பலன் கிடைக்கும். வெட்டுமுன்பே நின்றுவிட்டது என்றால் உச்ச வேகம் கூட வழியே இல்லை. குறைந்த சுற்றில் நிதானமாக 80-இல் போவது மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும் லாபம். அது போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

இதை உறுதிப்படுத்த உச்ச வேகத்தில் பறக்க வேண்டியதில்லை. கூட்டரசுச் சாலையில் வரம்பு 90 (பெருநாள் காலத்தில் 80 ஆக்குவார்கள்), பிளஸ் நெடுஞ்சாலையில் 110. சமதளமான நேர்ச் சாலையில் வரம்புக்குள் டாப் கியரில் நிலையாக ஓட்டிப் பாருங்கள். எதிர்க்காற்று இல்லாத வேளையிலும் முக்கால் கைப்பிடிக்கு மேல் திறந்தால்தான் 80 நிற்கிறது என்றால் பல் உங்கள் எஞ்சினுக்கு அதிகம்.

இன்னொரு சோதனை மூன்றாவது கியரில். பல் கூட்டிய பிறகு அந்தக் கியர் முன்பைவிட நீண்ட தூரம் இழுக்க வேண்டும். முன்பு கத்திய வேகத்தில் இப்போது சாதுவாக இருக்க வேண்டும். மூன்றாவதிலும் வேகம் குறைந்திருந்தால் குற்றவாளி ஸ்ப்ராக்கெட் அல்ல. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். வெயில் காலத்தில் தோட்டப் பாதையில் லோரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களின் ஃபில்டர் செங்கல் நிறத்தில் இருக்கும். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா, செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது பிரேக் கம்பியை இறுக்கமாக வைத்துவிட்டு, பழியைப் பல்லின் மேல் போடுவது நம் ஊரில் சாதாரணம்.

பல்தான் அதிகம் என்று முடிவானால் முழுதாகப் பழையபடி போக வேண்டியதில்லை. முன்னால் 14-ஐத் திரும்பப் போட்டுப் பின்னால் 41 அல்லது 40 வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், 150 சிசிக்குக் கீழே எந்த மோட்டாருக்கும் மொத்த மாற்றம் ஏழு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

"ஊசி ஏறுது, வேகம் ஏறல"

இது வேறு நோய். கியர் விழுந்து கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டால் சுற்றுக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது; நடுவில் இருப்பதெல்லாம் பல்லும் செயினும்தான். டாப் கியரில் 60-இல் போகும்போது கைப்பிடியைச் சட்டென்று முழுதாகத் திறங்கள். ஊசி தாவி மேலே போய், வேகம் பிறகு மெதுவாக வந்து சேர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பழைய பல்லில் தேய்ந்த கிளட்ச் எப்படியோ சமாளித்திருக்கும். நீண்ட கியரின் சுமையில் அது வெளியே தெரிகிறது. தட்டுகளை மாற்றுங்கள். அதற்கு முன் என்ன எஞ்சின் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கப்சாயில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கிறது. டப்பாவில் ஜாஸோ எம்ஏ (எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுக்கு ஏற்ற எண்ணெய்த் தரம்) என்று இருக்க வேண்டும். வீட்டில் கார் எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றினால் வழுக்கத்தான் செய்யும்.

கிளம்பும்போது இழுவையில்லை, கருகல் வாசம் வருகிறது

கையால் கிளட்ச் பிடிக்காத மோட்டாரில் சுற்று ஏறும்போது கிளட்ச் தானாக விரிந்து பிடிக்கிறது. பல் கூட்டியதும் அதே இழுவைக்கு எஞ்சின் அதிகம் முக்க வேண்டியிருக்கிறது, பிடிமானம் முழுமையாகும்வரை கிளட்ச் நீண்ட நேரம் தேய்கிறது. வெறும் ஆளாகப் போனால் பெரிதாகத் தெரியாது. பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும், கூடையில் சந்தைச் சாமானும் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டும். நம்மில் பலர் முதல் கியரை மறந்தே போய் இரண்டாவதில் கிளம்புகிறவர்கள். பழைய பல்லில் அது ஓடும். புதிய பல்லில் அதுவே கிளட்சைத் தின்னும். முதல் கியரில் கிளம்புங்கள், சக்கரம் நன்றாக உருளத் தொடங்கியதும் இரண்டாவதுக்குப் போங்கள். இப்படி ஓட்டியும் வாசம் வருகிறது, எண்ணெய் மாற்றிச் சில நாளிலேயே கறுத்துக் கருகல் நாற்றம் அடிக்கிறது என்றால் சுமையோடு ஓட்டும் வாழ்க்கைக்கு இந்தப் பல் ஒத்துவராது. கொஞ்சம்கூட யோசிக்காமல் இறக்குங்கள். கிளட்ச் விலைக்கு இரண்டு மூன்று ஸ்ப்ராக்கெட் வாங்கலாம்.

ஒய்15, ஹோண்டா ஆர்எஸ்150 போல் கைக் கிளட்ச் உள்ளவற்றில் இதே அறிகுறி அரைக் கிளட்சில் நீண்ட நேரம் ஓட்டுவதாகத் தெரியும். மருந்து அதேதான்.

ஏற்றத்தில் நடுங்குகிறது, உள்ளே "டக் டக்" என்கிறது

இரண்டு சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். கைப்பிடி, மிதிகட்டை எல்லாம் சேர்ந்து குதிப்பது போல் கனமாக நடுங்கினால், அது தாழ்ந்த சுற்றில் எஞ்சின் திணறுவது. ஆணியால் உலோகத்தைத் தட்டுவது மாதிரி மெல்லிய, வேகமான சத்தம் தலைப் பகுதியிலிருந்து வந்தால் அது நாக்கிங். சிலிண்டருக்குள் எரிபொருள் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. குறைந்த சுற்று, அகலத் திறந்த கைப்பிடி, சூடான எஞ்சின் மூன்றும் கூடும் இடத்தில்தான் அது பிறக்கும். பல் கூட்டிய மோட்டாரை டாப் கியரிலேயே வைத்து ஏற்றத்தில் விரட்டினால் இந்த மூன்றையும் நீங்களே ஏற்பாடு செய்து கொடுக்கிறீர்கள்.

கோலகங்சாரில் பிளஸ் ஏறி ஈப்போ பக்கம் வந்து பாருங்கள். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் நீண்ட ஏற்றம் இதற்கு நல்ல பரீட்சை. (மோட்டாருக்கு டோல் கிடையாது என்பதால் பரீட்சைக் கட்டணமும் இல்லை.) பழைய பல்லில் டாப் கியரிலேயே ஏறிய மோட்டார் இப்போது ஒரு கியர் இறக்கச் சொல்கிறதா? இறக்குங்கள். அது குறையல்ல. பல் கூட்டியவர் மேட்டில் ஒரு கியர் கீழே ஓட்ட வேண்டும், அதுதான் பேரம். இடது ஓரமாகப் போங்கள், பின்னால் டிரெய்லர் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக் கொள்ளுங்கள்.

கியர் இறக்கிச் சுற்று ஏறிய பிறகும் டக் டக் தொடர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: சிலிண்டர் தலையில் படிந்த கரி, எரிபொருள் குறைவாகப் போவது, எஞ்சின் சூடு மிஞ்சுவது. ரோன்97 பெட்ரோல் ஊற்றிப் பார்த்தால் சத்தம் குறையலாம். குறைந்தால் நோயின் பெயர் தெரிந்தது என்று வைத்துக் கொள்ளலாமே தவிர, காலமெல்லாம் விலை கூடிய பெட்ரோல் ஊற்றி ஒரு பல்லைக் காப்பாற்றுவது கட்டுப்படியாகாது.

இறக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைப்பிடியை விட்டதும் எஞ்சின் தானாக இழுத்துப் பிடிக்கும் அந்தப் பிடி, பல் கூட்டினால் குறையும். தார்ச் சாலையில் கவலையில்லை. மழை விட்ட பிறகு தோட்டத்துச் சரிவில், செம்மண் சோப்பாகி இருக்கும்போது, பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கிப் பழகியவர் ஒரு கியர் குறைத்து இறங்க வேண்டும். பழைய கியரிலேயே இறங்கினால் பிடி போதாமல் கை பிரேக்குக்குப் போகும், முன் சக்கரம் வழுக்கும்.

மீட்டர் ஒரு வேகம் காட்டுகிறது, ஜிபிஎஸ் வேறு காட்டுகிறது

மீட்டர் எங்கிருந்து வேகத்தை எடுக்கிறது என்று பாருங்கள். முன் சக்கரத்திலிருந்து கம்பியோ சென்சாரோ போனால் பல் மாற்றம் அதைத் தொடாது. வித்தியாசம் முன்பும் இருந்திருக்கும், நீங்கள் இப்போதுதான் கவனிக்கிறீர்கள். எஞ்சின் பக்கத்தில், முன் ஸ்ப்ராக்கெட் இருக்கும் தண்டுப் பகுதியிலிருந்து எடுத்தால் மீட்டர் இனிக் குறைத்துக் காட்டும். 14-க்குப் பதில் 15 போட்ட மோட்டாரில், பழைய பல்லில் மீட்டர் சரியாக இருந்தது என்றால், இப்போது 90 காட்டும்போது உண்மையில் 96 ஓடுகிறீர்கள். கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது, சக்கரம்தான் தெரியும். ஓடிய கிலோமீட்டரும் இதே அளவு குறைவாக ஏறும். எண்ணெய் மாற்றும் கணக்கில் அதைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

செயின் சத்தம், உரசல், கழன்று விழுதல்

பல் மாற்றியவர்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி கியர் விகிதத்தால் வருவதல்ல, பொருத்திய விதத்தால் வருவது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அகலம். கப்சாய் செயின்கள் 415, 420, 428 என்று வருகின்றன. மூன்றுக்கும் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஒன்றே, 12.7 மில்லிமீட்டர். அகலம்தான் வேறு. அதனால் 420 ஸ்ப்ராக்கெட் மேல் 428 செயின் உட்கார்ந்துவிடும், ஓடவும் செய்யும், ஆனால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடும், கலகலவென்று சத்தம் வரும். அகலமான ஸ்ப்ராக்கெட் மேல் ஒடுக்கமான செயின் உட்காரவே உட்காராது. முன், பின், செயின் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

அடுத்து நீளம். முன்னால் ஒரு பல் கூடினால் பின் சக்கரம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். செயின் ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மோட்டாரில் இதற்கு இடம் இருக்காது. அப்படியே இழுத்துப் பூட்டியிருந்தால் "ஊ" என்ற ஊளைச் சத்தம் கேட்கும், சக்கரம் கையால் சுற்றினால் கனமாக இருக்கும். பின்னால் மூன்று பல் குறைத்தால் இதற்கு எதிர்ப்பக்கம்: சக்கரம் ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னே போக வேண்டும். நீண்டுபோன பழைய செயின் என்றால் செயினை இறுக்கும் இழுப்பானின் கோடு கடைசிக்கே போய்விடும். அப்போது ஒரு ஜோடிக் கண்ணியை வெட்டினால் சக்கரம் 12.7 மில்லிமீட்டர் முன்னே வரும்.

தளர்ச்சியை அளக்கும் விதம் முக்கியம். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், பின் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே தளர்ச்சி இருக்காது. மிக இறுக்கமான இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே அளக்க வேண்டும். பெரும்பாலான கப்சாய்க்கு 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் மோட்டாருக்கான எண் கையேட்டிலோ பின் கைத்தண்டில் (பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில்) ஒட்டிய தாளிலோ உண்டு. அளந்து முடித்ததும் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கனமான ஒருவரை உட்காரச் சொல்லி இன்னொரு தடவை பாருங்கள். ஆள் உட்கார்ந்ததும் செயின் கம்பியாக விறைத்தால் கியர்பாக்ஸ் பேரிங் போகும் வழியில் இருக்கிறது.

"சர்க் சர்க்" என்று முன்பக்கத்திலிருந்து உரசல் கேட்டால் பெரிய முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் செயின் எஞ்சின் உடம்பிலோ மூடியிலோ படுகிறது. மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் அணைந்த நிலையில், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த இடம் காட்டிக் கொடுக்கும். தேய்ந்த செயின் ஓட்டத்தில் இன்னும் எழும்பும் என்பதால் நகத்தளவு இடைவெளி இருந்தால் போதாது. சிலர் மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். கால்சட்டை நுனியும் செருப்பு வாரும் போய்ச் சிக்கும் இடம் அது. அந்தப் பல் உங்கள் மோட்டாருக்குப் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டு இறக்கிவிடுவதே மேல். உரசல் நடுப்பகுதியிலிருந்து வந்தால், சின்னப் பின் ஸ்ப்ராக்கெட்டால் மேல்பக்கச் செயின் தாழ்ந்து கைத்தண்டு ரப்பரைத் தேய்க்கிறது. ரப்பர் நன்றாக இருந்தால் லேசான தேய்ப்பு பரவாயில்லை. ரப்பர் அறுந்திருந்தால் அடுத்து இரும்புதான்.

கழன்று விழுந்தால் அல்லது பல் தாண்டிக் குதித்தால்: பழைய செயினைப் புதிய ஸ்ப்ராக்கெட்டில் போட்டிருக்கிறீர்களா? புதிய செயினில் 20 கண்ணி அளந்தால் 254 மில்லிமீட்டர். செயினை இழுத்துப் பிடித்து அளந்து 259 வந்தால் அதன் காலம் முடிந்தது. பல் ஒரு பக்கம் சாய்ந்து சுறா மீன் துடுப்பு போல் ஆகியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டின் காலமும் முடிந்தது. மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தனித்தனியாக மாற்றினால் பழையது புதியதைச் சீக்கிரம் பழையதாக்கும். சக்கரம் நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். கைத்தண்டின் இரு பக்கமும் உள்ள கோடு ஒரே எண்ணில் இருக்க வேண்டும். இணைப்புக் கண்ணியின் கிளிப் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு கல் பட்டால் போதும், கிளிப் பறந்துவிடும். முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் தகட்டின் இரண்டு சின்ன போல்ட்டையும் மறக்க வேண்டாம்.

கைப்பிடியைத் திறந்து மூடும்போதெல்லாம் "டொக்" என்று பின்னால் உதைத்தால் செயினை விட்டுவிட்டு, பின் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் கையில் இருக்கும்போதே பார்த்திருக்க வேண்டிய சாமான் அது.

வாங்கும் முன் யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இடம் இருந்தால் பின்னால் குறைப்பதைவிட முன்னால் கூட்டுவது நல்லது. பின் ஸ்ப்ராக்கெட் சின்னதானால் அதே இழுவைக்குச் செயின் மேல் விழும் இழுவிசை கூடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட் பெரிதானால் செயின் வளையும் கோணம் தளர்ந்து தேய்வு குறைகிறது. அலுமினியப் பின் ஸ்ப்ராக்கெட் அழகாகத்தான் இருக்கும், செம்மண் சேற்றில் அது இரும்பைவிடச் சீக்கிரம் தேயும்.

முன்பு இல்லாத வேகத்தில் அதிர்வு

ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதிரும் சுற்று ஒன்று உண்டு. பல் மாற்றியதும் அது வேறு வேகத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். முன்பு 75-இல் அதிர்ந்தது இப்போது 80-இல் அதிரும். நீங்கள் தினமும் ஓட்டும் வேகமே 80 என்றால் துரதிர்ஷ்டம். ஒரு பல் இப்படியோ அப்படியோ பின்னால் மாற்றி அதை அங்கிருந்து நகர்த்தலாம்.

பெட்ரோல் மிச்சமாகவில்லை

சுற்று குறைந்தால் எஞ்சினுக்குள் உரசலில் போகும் சக்தி குறையும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். அதற்கு நிலையான வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். சந்தை, பள்ளிக்கூடம், கோயில், கடை என்று பட்டணத்துக்குள்ளேயே சுற்றுகிறவர் டாப் கியரைத் தொடுவதே அபூர்வம்; அவர் கிளம்பும்போதெல்லாம் கூடுதலாக முறுக்கி, மிச்சமானதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். குறைந்த சுற்று கிடைத்த சந்தோஷத்தில் 80-இல் போனவர் 95-இல் போகத் தொடங்கினால் காற்று அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளும். மீட்டர் எஞ்சின் பக்கத்திலிருந்து வேகம் எடுக்கும் மோட்டாரில், ஓடிய தூரம் குறைவாகக் காட்டுவதால் மிச்சமாகியிருந்தாலும் தெரியாது. ஜிபிஎஸ் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள், தொட்டியை ஒரே நிலையத்தில் கழுத்துவரை நிரப்பி.

எல்லாம் சரி, ஆனால் தோட்டத்துக்குள் ஓட்ட முடியவில்லை

உங்கள் ஓட்டத்தில் எந்தச் சாலைக்குப் பங்கு அதிகம் என்று பாருங்கள். வாரம் முழுக்கத் தோட்டம், மாதத்தில் ஒரு நாள் ஈப்போ என்றால் பழைய பல்தான் உங்கள் பல். தினமும் ஈப்போ, தோட்டத்தில் வீடு மட்டும்தான் என்றால் கூட்டிய பல்லை வைத்துக்கொண்டு உள்பாதையில் ஒரு கியர் கீழே ஓட்டப் பழகுங்கள்.

இரண்டும் சரிபாதி என்கிறவர்களுக்கு வழி உண்டு. பின்னால் இருப்பதைத் தொடாமல், 14-ம் 15-மாக இரண்டு முன் ஸ்ப்ராக்கெட், செயின் புதிதாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும் வாரம் 15, திரும்பி வந்து மூட்டை ஏற்றும்போது 14. சக்கரத்தை அந்த மூன்று மில்லிமீட்டர் நகர்த்தி, தளர்ச்சியைப் புதிதாக அளந்து, பிரேக் கம்பியையும் சரிபார்த்துவிட்டுப் பூட்டுங்கள். கழற்றியதைத் துடைத்து எண்ணெய் தடவி, தகட்டுப் போல்ட்டுக்கும் இணைப்புக் கிளிப்புக்கும் ஒரு மாற்று சேர்த்து, ஒரே பையில் போட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருந்தாலும் வேலை நடக்கும்.